கடைமடைக்கும் தண்ணி வரணும்: நீட்டுக்கு படிப்பு ப்ளான் போடுதது எப்படி

எங்க சித்தி மக முக்கூடல்ல இருக்கா, ப்ளஸ் டூ படிக்கா, தெனமும் பஸ்ல பாளையங்கோட்டைக்கு ஸ்கூலுக்கு போயிட்டு வாறா. ஸ்கூல் தொறந்த முத வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்புனா. சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனா வெச்சு டைம் டேபிள். காலைல நாலரைல இருந்து அஞ்சரை வரைக்கும் பிசிக்ஸ், அஞ்சரைல இருந்து ஆறரை கெமிஸ்ட்ரி, சாயங்காலம் வந்த ஒடனே பயாலஜி, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கட்டம் கட்டமா நாலு கலர்ல போட்டுருக்கா. "எக்கா, எப்படி இருக்கு"ன்னு கேக்கா. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. நானும் ப்ளஸ் டூ படிக்கும்போது இதே மாதிரி ஒண்ணு போட்டவதான், என்னோடது அஞ்சு கலரு, ஒம்பது நாள் ஓடுச்சு. பத்தாவது நாள் காய்ச்சல்ல படுத்தேன், எந்திரிச்சு பாத்தா எந்த கட்டத்துல இருந்து தொடங்கன்னே தெரியல, கடைசில அது மேல காலண்டர தொங்க விட்டுட்டேன்.

டைம் டேபிள் வேற, ப்ளான் வேற. இத யாரும் எனக்கு சொல்லல, அதான் எழுதுதேன். டைம் டேபிள் எத்தன மணிக்கு ஒக்காரணும்னு சொல்லும், அவ்வளவுதான். ப்ளான்ங்கிறது மொத்தம் எவ்வளவு கெடக்கு, பரீட்சைக்குள்ள எத்தன வாரம் நெசமா கைல இருக்கு, எந்த பாடம் எந்த வாரம் முடியும், முடிச்சத திரும்ப எப்ப தொடணும், நடுவுல ஏதாவது கெட்டுப்போனா எங்க இருந்து நேரம் எடுக்கணும், இதெல்லாம் சேந்தது. பிசிக்ஸ் ஒரு மணி நேரம்னு எழுதுனா அந்த ஒரு மணில நீங்க ஒரு பக்கம் படிச்சாலும் டிக் அடிச்சிரலாம், ஏமாத்துதோம்னு நமக்கே தெரியாது. "மின்னூட்டம், கூலும் விதி, பதினஞ்சு கணக்கு"ன்னு எழுதுனா ஏமாத்த முடியாது.

நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு தண்ணிய வெச்சு சொன்னா சட்டுனு புரியும். தாமிரபரணில மேல கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு கீழ ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு இருக்கு. வாய்க்கால் தொடங்குற தலைமடைல உள்ளவன் ஆசைக்கு தெறந்து விட்டுட்டே இருந்தா வாய்க்கால் கடைசில உள்ள கடைமடை வயல் காஞ்சுதான் கெடக்கும், அதனாலதான் முறை வெச்சு பாய்ச்சுதாவ. படிப்பும் இதேதான். முத பாடத்த எல்லாரும் நல்லா படிச்சிருப்பாவ, அலகும் பரிமாணமும் யார கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவாவ, செல் பாடத்துல மூணு தடவ அடிக்கோடு போட்டுருப்பாவ. செமிகண்டக்டர், பயோமாலிக்யூல்ஸ், எக்காலஜி எல்லாம் கடைமடை, ஏப்ரல் மாசம் போய் பாத்தா வெடிச்சு கெடக்கும். இத்தனைக்கும் எக்காலஜி வாசிச்சா வெளங்குற பாடம். படிக்க நேரமில்லாம அங்க மார்க்க விட்டுட்டு வாறதுதான் பெரிய எரிச்சல்.

ப்ளான் போடுததுக்கு முன்ன ஒரு விஷயம், நீங்க போக நெனைக்கிற படிப்புக்கு நுழைவுத் தேர்வு வேணுமான்னு பாத்துக்கோங்க. தமிழ்நாட்டுல அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் வழியா இன்ஜினியரிங் சேர 2007ல இருந்து நுழைவுத் தேர்வு கெடையாது, ப்ளஸ் டூ மார்க்தான், கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட் ஆஃப். ஐஐடி, என்ஐடின்னு போறவங்களுக்குத்தான் ஜேஇஇ. டெல்லி யுனிவர்சிட்டி மாதிரி மத்திய பல்கலைக்கழகத்துக்கு 2022ல இருந்து கியூட். டாக்டருக்கு நீட். பக்கத்து வீட்டு பையன் சேந்தான்னு ஒருத்தி ஜேஇஇ கோச்சிங்ல போய் உக்காந்துகிட்டு ப்ளஸ் டூ மார்க்க கோட்டை விட்ட கதையெல்லாம் எனக்கு தெரியும். இங்க நான் நீட்ட வெச்சே சொல்லுதேன், முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

நீட்டோட அளவு இது. 180 கேள்வி, 3 மணி நேரம், 720 மார்க். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரிக்கு நாலு, தப்புக்கு ஒண்ணு கழியும். நடுவுல 2021ல இருந்து 2024 வரைக்கும் 200 கேள்வி குடுத்து 180 எழுதச் சொன்னாவ, 2022ல இருந்து கூட இருபது நிமிஷமும் உண்டு, 2025ல அத எடுத்துட்டாவ. அதனால அண்ணன் அக்கா எழுதுன பழைய பேப்பர வெச்சு பழகுறவங்க நேரக்கணக்க மாத்திக்கணும், இப்ப ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான். பரீட்சை மதியம் 2 மணில இருந்து 5 வரைக்கும், பேனாவால வட்டம் அடிக்கிற ஓஎம்ஆர் தாள்ல.

அடுத்தது சிலபஸ். தேசிய மருத்துவ ஆணையம் போட்ட பட்டியல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுங்க, இதுக்கு வேணா அந்த ஸ்கெட்ச் பேனா உதவும். அதுல பிசிக்ஸ் 20 யூனிட், கெமிஸ்ட்ரி 20, பயாலஜி 10. பட்டியலும் புத்தகமும் அப்படியே ஒத்துப்போகும்னு நெனைச்சிராதீங்க. உதாரணமா பன்னெண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி (மத்திய அரசு பாடப்புத்தகம்) கெமிஸ்ட்ரில பி-பிளாக் பாடத்த எடுத்துட்டாவ, ஆனா நீட் பட்டியல்ல அது இருக்கு. புது புத்தகத்த மட்டும் வெச்சு படிச்சா தெரியாமலே ஒரு பாடம் போயிரும். பிசிக்ஸ்ல செய்முறை பத்தின யூனிட் ஒண்ணும் இருக்கு, அத பாதிப்பேரு கண்டுக்கிறதே இல்ல.

இப்ப எண்ணுங்க. இப்போதைய என்சிஇஆர்டி புத்தகத்துல லெவன்த், ட்வெல்த் ரெண்டும் சேத்து பிசிக்ஸ் 28 பாடம், கெமிஸ்ட்ரி 19, பயாலஜி 32. மொத்தம் 79. இந்த நம்பர சொன்னப்ப எங்க சித்தி மக கொஞ்ச நேரம் பேசல. ஒரு வருசமா "நெறைய இருக்கு, நெறைய இருக்கு"ன்னு பயந்துகிட்டு இருந்தவளுக்கு அது 79தான்னு மொத தடவ தெரியுது. எண்ணுனா பயம் கொறையுமான்னு கேட்டா எனக்கு தெரியாது, ஆனா எண்ணாம பயப்படுறது கொடுமை.

பொறவு நாள எண்ணணும், அதுவும் பின்னால இருந்து. 2023, 2024, 2025 மூணு வருசமும் நீட் மே மாசம் முத ஞாயித்துக்கிழமதான் நடந்துச்சு. அத கடைசி கட்டமா வெச்சு ஜூன் தொடக்கம் வரைக்கும் பின்னால வந்தா 48 வாரம். "எக்கா, 48 வாரத்துல 79 பாடம், வாரத்துக்கு ரெண்டு கூட இல்லையே"ன்னு துள்ளுனா. அதுக்குள்ள துள்ளாதன்னு சொல்லி கழிக்க ஒக்காந்தோம். காலாண்டுக்கு 2 வாரம், அரையாண்டுக்கு 2. பிப்ரவரி பிராக்டிகல், மார்ச் பப்ளிக் எக்ஸாம் சேத்து 7 வாரம், அந்த நேரம் புதுசா எதுவும் தொட முடியாது, மனசும் போவாது. தீவாளி, பொங்கல், மழை, கல்யாணம், காய்ச்சல் எல்லாத்துக்கும் சேத்து 3. ஆக 14 போச்சு, மிச்சம் 34. பப்ளிக் முடிஞ்சு மே வரைக்கும் உள்ள 5 வாரம் முழு மாதிரி தேர்வுக்கு மட்டும், அங்க புது பாடம் வரவே கூடாது. கடைசில கைல நின்னது 29. 79 பாடத்த 29 வாரத்துல பிரிச்சா வாரத்துக்கு கிட்டத்தட்ட மூணு. ரெண்டு கூட இல்லன்னு சொன்னது மூணாயிட்டு பாத்தியளா.

அந்த 3 வாரத்த எல்லாரும் வெட்டி நேரம்னு நெனைக்காவ. நம்ம ஊர்ல அப்படி நெனைக்கவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைய மறக்க முடியுமா, காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தண்ணி, அரையாண்டு பரீட்சையவே தள்ளி வெச்சாவ. கரண்டு இல்ல, நெட்டு இல்ல, ஆத்தங்கரை ஓரத்துல இருந்த எத்தனையோ வீட்டுல புத்தகமே நனைஞ்சு போச்சு. அவ்வளவு பெருசா எல்லா வருசமும் வராது, ஆனா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழைன்னு தெரிஞ்சும் நவம்பர் மாசத்த ஒரு நாள் விடாம அடைச்சு ப்ளான் போடுதது கோட்டித்தனம். நான் ரெண்டாவது தடவ எழுதுனப்ப சேந்திருந்த கோச்சிங் சென்டர்ல குடுத்த அட்டவணைல ஒரு நாள் கூட காலி கெடையாது. எட்டு நாள் லீவு விட்டப்ப அந்த எட்டு நாள் பாடமும் அடுத்த வாரத்து தலைல ஏறுச்சு, அந்த வாரத்தோடது அதுக்கடுத்த வாரத்துக்கு போச்சு, பொங்கல் வரும்போது அட்டவணை ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.

இப்ப மணிக்கணக்கு. ஸ்கூல் போற பிள்ளைக்கு ஒரு நாள் எத்தன மணி நேரம் கெடைக்கும்? சார்ட்டுல அவ எழுதுனது ஏழு. நெசத்துல ஏழு முப்பதுக்கு பஸ், சாயங்காலம் வீட்டுக்கு வர ஆறு ஆயிரும், வந்து முகம் கழுவி காப்பி குடிச்சு ஸ்கூல் ஹோம்வொர்க்க முடிச்சா காலைலயும் ராத்திரியும் சேத்து ரெண்டரை மணி. அஞ்சு நாளைக்கு பன்னெண்டரை, சனிக்கிழம 5, ஞாயிறு 6, மொத்தம் இருபத்து மூணரை. இதுலயும் கால்வாசிக்கு மேல சிந்திரும், கொழாய்ல தண்ணி வருதுன்னு சித்தி கூப்புடுவா, கண்ண சொக்கும். அதனால 16 மணி நேரம்னுதான் எழுதச் சொன்னேன். கேவலமா இருக்குன்னு சொன்னா. இருக்கட்டும், 16 எழுதி 17 படிச்சா சந்தோசம், 49 எழுதி 20 படிச்சா அழுக, ரெண்டுல எது வேணும்?

ஒரு பாடம் முடிக்க எத்தன மணி ஆகும்னு யாருகிட்டயும் கேக்காதீங்க, நீங்களே அளந்து பாக்கணும். நம்ம மனசு இதுல எப்பவும் கொறச்சுத்தான் சொல்லும், இதுக்கு ப்ளானிங் ஃபேலசின்னு பேரே வெச்சிருக்காவ, டேனியல் கானேமானும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல சொன்னது. 1994ல வெளிவந்த ஒரு கனடா ஆய்வுல காலேஜ் பிள்ளைகள்ட்ட உங்க ஆய்வேட்ட எத்தன நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாவ, சராசரியா 34 நாள்னு சொல்லியிருக்கு. எல்லாம் தலைகீழா போனா எத்தன நாள்னு கேட்டதுக்கு 49. நெசமா ஆனது 55 நாளுக்கு மேல. மோசமா போனாலும் இவ்வளவுதான்னு சொன்ன கணக்கையும் தாண்டிருச்சு பாருங்க. எங்க வீட்டுலயும் இதேதான். நிலைமின்னியல் பாடம் நாலு மணில முடியும்னா. மொபைல்ல ஸ்டாப்வாட்ச் போட்டு எழுத சொன்னேன், வாசிச்சு, குறிப்பு எடுத்து, கணக்கு போட்டு முடிய ஒம்பது மணி. சின்ன பாடமும் சேத்து மூணு நாலு பாடம் அளந்த பொறவு அவளுக்கு சராசரியா பிசிக்ஸ் 7 மணி, கெமிஸ்ட்ரி 5, பயாலஜி 4ன்னு வந்துச்சு. உங்களுக்கு வேற வரும்.

பெருக்குங்க: பிசிக்ஸ் 28 பாடத்துக்கு 196 மணி, கெமிஸ்ட்ரி 19க்கு 95, பயாலஜி 32க்கு 128. கூட்டுனா 419. கைல இருக்கது 29 வாரம், வாரத்துக்கு 16 மணின்னா 464. கழிச்சா 45 மணி மிச்சம், வாரத்துக்கு ஒன்றரை மணி. இந்த ஒன்றரை மணிதான் படிச்சத திரும்ப தொடுறதுக்கு. ஒருவேள உங்க கணக்குல மிச்சம் வராம மைனஸ் வந்துச்சுன்னா அதுவும் ஜூன் மாசமே தெரிஞ்சது நல்லதுதான், எந்த பாடத்த மேலோட்டமா பாக்கலாம்னு அப்பவே முடிவெடுக்கலாம். பயாலஜிதான் பாதி மார்க், 360, அங்க கைய வெக்காதீங்க. பிசிக்ஸ்ல உங்களுக்கு ஏறவே ஏறாத ரெண்டு மூணு பாடத்துல சூத்திரம், நேரடி கணக்கு மட்டும் போதும்னு விடலாம். சார்மாரு கேட்டா திட்டுவாவ, ஆனா எல்லாத்தையும் முழுசா படிப்பேன்னு சொல்லி முப்பது பாடத்த தொடாம போறதுக்கு இது மேல்.

திரும்ப தொடுறதுன்னா திரும்ப வாசிக்கிறது இல்ல, இதுலதான் நெறையபேரு விழுதாவ. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டத்த மனப்பாடம் பண்ணி தன்னையே சோதிச்சு பாத்தாரு, ஒரு நாள் கழிச்சு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் தங்கியிருந்துச்சு. நம்ம பாடம் அர்த்தமுள்ளது, அவ்வளவு வேகமா மறக்காது, ஆனா மறக்கும். மறக்குற நேரத்துல புத்தகத்த மூடி வெச்சு நெனைவுல இருந்து இழுக்கணும், இழுக்கும்போதுதான் பிடிக்கும். படிச்ச மறுநாள் ஒரு தடவ, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவ, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவ. மறுநாள் உள்ளதுக்கு முக்கூடல் பஸ் இருக்கு, ஜன்னல் ஓரம் உக்காந்து நேத்தைக்கு படிச்ச பாடத்துல இருந்து பத்து விஷயம் மனசுக்குள்ள சொல்லணும், சேரன்மகாதேவி தாண்டுறதுக்குள்ள பத்து வரலன்னா வராதத சின்ன நோட்டுல எழுதணும். வாரத்தோடதும் மாசத்தோடதும் ஞாயித்துக்கிழம அந்த ஒன்றரை மணில, முப்பது கேள்விய எடுத்து புத்தகம் பாக்காம போட்டுப் பாக்கது. நீலம், பச்சை, மஞ்சள்னு ஹைலைட்டர் போட்டு திரும்ப திரும்ப வாசிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், தெரியாது, நான் 2 வருசம் மஞ்சள் அடிச்சவ சொல்லுதேன்.

தப்புகளுக்கு ஒரு நோட்டு போடுங்க. தப்பு மூணு வகைதான் வரும். தெரியாம தப்பு, தெரிஞ்சும் அவசரத்துல தப்பு, கேள்விய சரியா வாசிக்காம தப்பு. எங்க பிள்ளைக்கு முத மாசத்துல 40 தப்பு, அதுல 17 "சரியல்லாதது எது"ன்னு கேட்டத சரியானதுன்னு நெனைச்சு அடிச்சது. இதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா பாடம் படிச்சு என்ன பிரயோஜனம்? "அல்லாத"ங்கிற வார்த்தைக்கு கீழ கோடு போடுற பழக்கம்தான் வேணும். நாலு மார்க் கெடைக்க வேண்டிய எடத்துல ஒரு மார்க் கழியுது, ஆக ஒவ்வொண்ணும் அஞ்சு மார்க் வித்தியாசம். தமிழ்ல எழுதுற பிள்ளைகளுக்கு இன்னொண்ணு, கேள்வித்தாள்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல உள்ளததான் கணக்குல எடுப்பாவ. அதனால கலைச்சொல்ல ரெண்டுலயும் தெரிஞ்சு வெக்கிறதும் ப்ளான்ல ஒரு வேலை, தனி நேரம் வேண்டாம், குறிப்பு எடுக்கும்போதே பக்கத்துல எழுதிட்டா போதும்.

மாதிரி தேர்வ காலைல வெள்ளனே எழுதாதீங்க. நெச பரீட்சை மதியம் ரெண்டு மணிக்கு, அதுவும் மே மாச வெயில்ல, சோறு தின்னுட்டு போய் உக்காரும்போது கண்ணு சொக்கும். அந்த சொக்குற நேரத்துல எழுதி எழுதித்தான் ஒடம்பு பழகும். வீட்டுலயும் 2 டு 5, ஓஎம்ஆர் தாள் ஜெராக்ஸ் எடுத்து பால்பாயிண்ட் பேனாவால வட்டம் அடிக்கிறது வரைக்கும் அதே மாதிரி. வட்டம் அடிக்கவே பத்து பதினஞ்சு நிமிஷம் போகும், அத கணக்குல எடுக்காம கடைசில மூச்சு முட்டுறவங்கள பாத்துருக்கேன்.

ஜேஇஇ மெயின் எழுதுறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் மாறும். 75 கேள்வி, 300 மார்க், கம்ப்யூட்டர்ல. ஜனவரில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு, ரெண்டுல எது நல்லா வந்துச்சோ அது நிக்கும். ஜனவரிய நம்பி இருந்தா டிசம்பர் கடைசிக்குள்ள பாடம் முடியணும், அதாவது மழைக்காலத்துக்குள்ளயே. பதினொண்ணாம் வகுப்புலயே ஆரம்பிக்காதவங்க ஜனவரிய பழகுறதுக்கு எழுதிட்டு ஏப்ரல்ல கவனம் வெக்கலாம்.

ஞாயித்துக்கிழம ராத்திரி கால் மணி நேரம் அந்த வாரத்து கணக்க பாக்கணும். மூணு பாடம் போட்டு ரெண்டுதான் முடிஞ்சுதா, மிச்ச ஒண்ண அடுத்த வாரத்து தலைல ஏத்தாம காலி வாரத்துல கொண்டு போய் வைங்க, அதுக்குத்தான் அந்த 3 வாரம். ஆகஸ்ட்டுக்குள்ளயே காலி வாரம் மூணும் தீந்துருச்சுன்னா ப்ளான்ல தப்பு, உங்க மேல இல்ல, 16 மணின்னு போட்டது நெசத்துல 12ஆ இருக்கும், திருத்தி எழுதுங்க. எங்க பிள்ளை இப்ப வரைக்கும் மூணு தடவ திருத்திட்டா. கலர் பேனா இல்ல, ரூல்டு பேப்பர், பென்சில், பக்கத்துல ரப்பர்.

போன வாரம் பேசும்போது ஏப்ரல் கட்டத்த எனக்கு வாசிச்சு காட்டுனா. சித்திரைல அவங்க தெருவுல கோயில் கொடை, மூணு நாள் ரேடியோ செட்டு, வில்லுப்பாட்டு, சாமக்கொடை எல்லாம் உண்டு, வீட்டுக்கு முன்னாலதான் கொழாய் ஸ்பீக்கர் கட்டுவாவ. அந்த மூணு நாளுக்கும் கோடு போட்டு "பெரியம்மை வீடு, பெருமாள்புரம்"னு எழுதி வெச்சிருக்கா. கொடைக்கு வீட்டுல இருக்க மாட்டாளான்னு சித்திக்கு கோவம். கடைசி நாள் பொங்கலுக்கு மட்டும் வந்துட்டு போறேன்னு சமாதானம் பேசிக்கிட்டு இருக்கா.